ரவுடிக்கு ஒரு பெட்

— மோதிரத்தையும் கழட்டுக்கா.

— கழலாதுடீ. கல்யாணத்தன்னிக்கு மாட்டினது, அப்புறம் நானும் ஊதிட்டேன், அதுவும் இறுகிடுச்சு.

— சோப்பு போட்டுத் திருகு, கழலும். வாட்ச், வளையல் எல்லாம் இந்தத் தட்டுல. முழங்கை வரைக்கும் தேய்க்கணும். சும்மா நனைச்சுட்டு வந்தா சிஸ்டர் திருப்பி அனுப்பிடுவாங்க.

— நான் என்ன ஆபரேஷனா பண்ணப் போறேன்? இந்த கவர்மென்ட் ஆஸ்பத்திரியை விட்டுக் குழந்தையைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கேன். பிரைவேட் ஆஸ்பத்திரி வண்டி கிளம்பியாச்சு. உள்ளயே கண்ணாடிப் பெட்டி, ஆக்ஸிஜன், கூட ஒரு டாக்டர், எல்லாம் உண்டு. மாப்பிள்ளை எங்க?

— வராந்தாவுல தூங்கறார். ராத்திரி முழுக்க அவர்தான் பையனைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தார்.

— அந்த வராந்தாவா? கால் வைக்க இடமில்லையேடீ அங்க! ஒருத்தர் என் செருப்பு மேலயே தலையை வெச்சுப் படுத்திருந்தார், எழுப்பவும் மனசு வரலை. நீயும் அங்கதான் படுக்கறியா?

— அங்கதான். பாத்ரூமைப் பத்தி மட்டும் கேக்காதே, அழுதுடுவேன்.

— பச்சை உடம்புக்காரி! இதுக்குத்தான் நான் தலைகீழா நின்னு அந்த ஆஸ்பத்திரியில இடம் பிடிச்சிருக்கேன். உனக்குத் தனி ரூம், சோபா, வெந்நீர். அதாவது, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். படுத்துக்கிட்டா போதும்.

— மெதுவாப் பேசுக்கா. உள்ள எல்லாரும் தூங்கறாங்க.

— எல்லாருமா? உள்ள வெறும் பச்சைக் குழந்தைங்கதானேடீ இருக்கும்.

— அவங்களைத்தான் சொல்றேன்.

— யாரது, கை கழுவற இடத்துல மாநாடு போடறது?

— எங்க அக்கா, சிஸ்டர். இப்பதான் வந்தா.

— அப்ப பெரியம்மா! வாங்க வாங்க, ஆபத்பாந்தவி மாதிரி வந்திருக்கீங்க. ரவுடி அம்மா, நீ பால் எடுக்கற நேரம் தாண்டிப் போச்சு. ரவுடி அப்பாவை எழுப்பப் போனேன், மனுஷன் கும்பகர்ணனுக்குத் தம்பியா கிடக்கார். பெரியம்மா, முன்பக்கம் திறக்கற அங்கி அந்தக் கொக்கியில இருக்கு, போட்டுக்கிட்டு இந்தச் சாய்வு நாற்காலியில உக்காருங்க.

— ரவுடியா? எங்க குழந்தையையா சொல்றீங்க?

— பின்னே? மூக்குல போட்ட குழாயைப் பிறந்த அன்னிக்கே பிடுங்கி எறிஞ்சவனை வேற என்னன்னு கூப்பிடறது? இங்க எல்லாருக்கும் பட்டப்பேர் உண்டு. அந்த ஓரத்துல படுத்திருக்கறவர் கலெக்டர், விரலை ஆட்டி ஆட்டி உத்தரவு போடுவார். பக்கத்துல பாட்டு வாத்தியார். அவர் எப்பப் பாடறார்னு கேளுங்க, நான் காபி குடிக்க உக்காரும்போது.

— சிஸ்டர், நான் உங்ககிட்ட தெளிவா சொல்லிடறேன். நான் இவனை மாத்திக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். பெரிய டாக்டர்கிட்டயும் போன்ல பேசிட்டேன்.

— என்ன சொன்னார்?

— 'குழந்தை இப்பதான் நிதானத்துக்கு வர்றான், அலைக்கழிக்கறது நல்லதில்லை, வழியில மூச்சு நின்னாலும் நிக்கும், ஆனா பெத்தவங்க இஷ்டம்'னார்.

— அவ்வளவுதான் எங்களால சொல்ல முடியும் பெரியம்மா. தாராளமா கூட்டிட்டுப் போங்க. வண்டி வர்ற வரைக்கும் அவனுக்குச் சூடு வேணும்ல? அது வரைக்கும் உக்காருங்க. பட்டனைக் கழட்டுங்க, வெக்கப்பட இங்க ஆம்பளை யாரும் இல்லை, கலெக்டரைத் தவிர.

— இரு இரு... ஐயோ... இவ்வளவுதானா? இவ்வளவுதானாடீ இவன்?

— இவ்வளவுதான்க்கா.

— என் கைப்பையே இவனை விட கனமா இருக்குமே! கண்ணு மூக்கெல்லாம் இருக்கு... நகம் இருக்குடீ! இந்தச் சுண்டு விரல்ல ஒரு நகம் இருக்கு பாரேன்!

— இருக்கும் பெரியம்மா, நகம் இல்லாமலா குழாயைப் பிடுங்குவான். நெஞ்சுக்கு நேரா வெக்கறேன். தவளை மாதிரி காலை மடிச்சு, காது உங்க இதயத்து மேல. இப்போ இந்தத் துணியைச் சுத்திக் கட்டறேன். கையை அடியில குடுங்க. அவ்வளவுதான். நீங்கதான் இப்போ பெட்டி, நீங்கதான் கரெண்ட். தும்மல் வந்தா அடக்கிக்கோங்க.

— சிஸ்டர், எங்க போறீங்க? சிஸ்டர்!

— ரெண்டு கட்டில் தள்ளித்தான் இருக்கேன். எனக்கு ஒரு ரவுடி மட்டுமா?

— பயப்படாதேக்கா. நான் இந்தத் திரைக்குப் பின்னாடியே உக்காந்து பால் எடுக்கறேன். பேசிக்கிட்டே இரு. பேச்சு கேட்டா அவனுக்குப் பிடிக்கும்.

— என்ன பேசறது? மூச்சு விடவே பயமா இருக்கு. இவன் தோலுக்குள்ள நரம்பு ஓடறது தெரியுதுடீ. முதுகு எறும்பு ஊர்ற மாதிரி அசையுது. அப்பப்பா! நான் இந்த மாதிரி குழந்தைங்க கேஸ் தினம் பாக்கறேன். எடை இவ்வளவு, வாரம் இவ்வளவுன்னு கம்ப்யூட்டர்ல வரும். அந்த எடை இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.

— என்ன பெரியம்மா, நீங்களும் ஆஸ்பத்திரி வேலையா? டாக்டரா?

— இல்லை சிஸ்டர், இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஒருத்தரைச் சேத்தா ஆஸ்பத்திரிக்காரங்க எங்களுக்கு எழுதிக் கேப்பாங்க. இந்த ஆபரேஷன் பண்ணலாமா, இந்த மருந்து போடலாமா, இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கலாமான்னு. நான் சரின்னு தட்டினா நடக்கும்.

— ஓகோ! அப்ப பெரிய டாக்டருக்கும் பெரிய டாக்டர்.

— அட நீங்க வேற. நான் கணக்குப் படிச்சவ.

— நீ முதல்ல அந்தக் கணக்கை எனக்குச் சொல்லுக்கா. அந்த மருந்து, நுரையீரல் ஒட்டிக்காம இருக்கத் தொண்டை வழியா விடுவாங்களே, அதுக்கு உங்க ஆபீஸ்ல சரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

— கேள்வி வரணும், எங்க டாக்டர் பாக்கணும், மேல ஒருத்தர் பாக்கணும். அதாவது, எல்லாம் ஒழுங்கா நடந்தா அரை நாள். ஏன்?

— இவன் அழறதுக்கு முன்னாடியே இங்க போட்டுட்டாங்க. நான் டேபிள்ல கிடந்து பாத்துக்கிட்டே இருந்தேன். லிஃப்ட் மாட்டிக்கிச்சாம். ஒரு சின்ன டாக்டரம்மா, காலேஜ் பொண்ணு மாதிரி இருந்தா, இவனைத் தன் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மாடிப்படியில ஓடினாளாம். பின்னாடியே ஒரு அம்மா ஆக்ஸிஜன் உருளையைத் தோள்ல தூக்கிட்டு ஓடினாங்களாம். யாரும் என் பேரைக் கூட கேக்கலைக்கா. பேரு, ஊரு, வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார், ஒண்ணுமே கேக்கலை. எல்லாம் மறுநாள்தான் கேட்டாங்க.

— யாரு சரின்னு சொன்னாங்க?

— அதான் சொல்றேன். யாரும் சொல்லலை. கேக்கவும் இல்லை.

— அப்படி எப்படிடீ? யாராவது ஒருத்தர்...

— இல்லைக்கா. குழந்தை நீலமா இருந்தான். அவ்வளவுதான் அவங்களுக்குத் தேவைப்பட்டது.

— ...இதை நீ அன்னிக்கு என்கிட்ட சொல்லலையே. போன்ல அப்படி அழுதே. 'எப்படியாவது இங்கேருந்து எங்களைக் கூட்டிட்டுப் போயிடுக்கா, உன் கால்ல விழறேன்'னே. அன்னிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை, தெரியுமா? பாக்கறவங்க கால்ல எல்லாம் விழுந்தேன்.

— அன்னிக்கு நான் வராந்தாவை மட்டும்தான்க்கா பாத்திருந்தேன். இந்தக் கதவுக்குள்ள வரவே இல்லை. எனக்குப் பால் வேற வரலை. மறுநாள் உள்ள வந்தா, இவன் பசியில வாயைத் தொறந்து மூடறான், என்கிட்ட ஒரு சொட்டு இல்லை. அப்ப இந்த சிஸ்டர் ஒரு சின்னப் பாட்டில் கொண்டு வந்து சொட்டு சொட்டா விட்டாங்க. யாரோட பால்னு கேட்டேன். 'எல்லாரோடதும்'னாங்க.

— எல்லாரோடதும்னா?

— இங்க பால் வங்கி இருக்கு. மிச்சம் இருக்கறவங்க எடுத்துக் குடுத்துட்டுப் போவாங்க. சூடாக்கிச் சுத்தம் பண்ணி வெப்பாங்க. வராந்தாவுல உன் செருப்பு மேல படுத்திருந்தாரே ஒருத்தர், அவர் மருமக பால் கூட அதுல இருக்கும். அவளுக்கு ரெட்டைக் குழந்தை. அதுல ஒண்ணு தங்கலை. அப்பவும் எடுத்துக் குடுத்துட்டு இருக்கா.

— ஐயோ, போதும்டீ. அழ வெக்காதே. இவன் மேல கண்ணீர் விழும்.

— அதனாலதான் நான் இப்ப எடுக்கறேன். இது ரவுடிக்கு மட்டும் இல்லை. கலெக்டருக்கும் சேத்து.

— சரி, நான் ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது. எல்லாம் அதிசயம்தான், ஒத்துக்கறேன். இங்க மனுஷங்க தங்கம்தான். ஆனா சிஸ்டர் ஒருத்தங்க எத்தனை குழந்தையைப் பாப்பாங்க? அங்க ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ். எங்களை என்னவோ வாசல்ல தடியோட நிக்கறவங்க மாதிரி பேசறே. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வெச்சு, யாருக்கு ஆபத்தோ அவங்களுக்கு எடுத்துக் குடுக்கறோம். அதுல என்ன பாவம்? அப்பா முட்டி வலியோட இங்க வரிசையில எத்தனை மாசம் காத்துக் கிடந்தார்? எங்க பாலிசியில ஒரே வாரத்துல முடிச்சு நடக்க வெச்சோம். மறந்துட்டியா?

— மறக்கலை. அது நிஜம்தான். அக்கா சொல்றது நிஜம்தானே சிஸ்டர்?

— நிஜம்தான் தாயே. முட்டிக்கு அங்க போங்கன்னு நானே சொல்வேன். என் வீட்டுக்காரருக்கே அங்கதான் பண்ணினோம். எங்களுக்கு ஆள் பத்தலை, கட்டில் பத்தலை, லிஃப்ட் என்னிக்கு ஓடும்னு அதுக்கே தெரியாது. நான் மட்டும் இதை சொர்க்கம்னா சொன்னேன்?

— கேட்டியா? அவங்களே சொல்றாங்க.

— இந்தப் பாலிசி இவனுக்கு எவ்வளவு நாள் வரும்க்கா?

— மாப்பிள்ளை கம்பெனி பாலிசி நல்ல பாலிசி. பிறந்த அன்னிலேருந்தே குழந்தைக்கு உண்டு. அதாவது, ஒரு அளவு வரைக்கும்.

— அளவு தீந்தா?

— நீட்டிக் கேக்கலாம். சில சமயம் குடுப்போம்.

— சில சமயம் குடுக்க மாட்டீங்க.

— அப்ப பாத்துக்கலாம்டீ! நான் இருக்கேன்ல? அந்த ஆஸ்பத்திரி குழந்தை வார்டு கேஸ் எல்லாமே என் மேசைக்குத்தான் வரும். அங்க பெட் கிடைக்கறது குதிரைக் கொம்பு. இன்னிக்குக் காலையிலதான் ஒண்ணு காலியாச்சு, சுடச்சுட நம்மாளுக்குப் போட்டு வெச்சேன்.

— அந்தக் குழந்தைக்கு உடம்பு தேவலையாயிடுச்சா? வீட்டுக்குப் போயிடுச்சா?

— ...போயிருக்கும். அதெல்லாம் எதுக்கு இப்ப? டீ, இது என்ன சத்தம்? எதுவோ கீங் கீங்னு கத்துது! சிவப்பு விளக்கு எரியுது!

— அக்கா, அவன்தான்! அக்கா!

— இவன் முதுகு அசையலை! இவ்வளவு நேரம் அசைஞ்சிக்கிட்டே இருந்தது, இப்ப அசையலை! சிஸ்டர்! சிஸ்டர்!

— கத்தாதீங்க பெரியம்மா. இந்தக் குழந்தை கையில ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன், விட முடியாது. நான் சொல்றதைக் கேளுங்க. அவன் மூச்சு விட மறந்துட்டான். சின்னவன்ல, மறந்துடுவான். நீங்க ஞாபகப்படுத்துங்க. உள்ளங்காலை விரலால சுண்டுங்க.

— எனக்குத் தெரியாது சிஸ்டர்! நான் பண்ண மாட்டேன், நீங்க வாங்க!

— நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. கால் எங்க இருக்கு? துணிக்கு அடியில. சுண்டுங்க. பூவைத் தடவற மாதிரி இல்லை, நல்லா சுண்டுங்க.

— சுண்டினேன்! ஒண்ணும் இல்லை!

— இன்னொரு தடவை. முதுகைத் தேய்ச்சுக்கிட்டே.

— டேய் ராஜா... டேய் ரவுடி... விடுடா... மூச்சு விடுடா என் கண்ணு... பெரியம்மா சொல்றேன்ல... விட்டான்! விட்டுட்டான்டீ! அசையறான்! ஐயோ, அழறான்! பூனைக்குட்டி மாதிரி அழறான்!

— சத்தம் நின்னுடுச்சு பாத்தீங்களா? சபாஷ் பெரியம்மா. கன்னமெல்லாம் சிவந்துட்டான், போக்கிரி.

— இது... இது அடிக்கடி நடக்குமா?

— முதல்ல மணிக்கு ஒரு தரம். இப்ப குறைஞ்சிருக்குக்கா. ராத்திரி அவர் எப்படி உக்காந்திருந்தார்னு நினைக்கறே? ஒரு விரலை இவன் உள்ளங்கால்லயே வெச்சுக்கிட்டு. நீ சரின்னு தட்டினாத்தான் நடக்கும்னியே, இவன் மூச்சுக்கும் இன்னிக்கு நீயேதான் தட்ட வேண்டியிருந்தது.

— கிண்டல் பண்ணாதேடீ. என் விரல் நுனியில இவன் திரும்பி வந்தான். எங்கயோ போயிட்டு, நான் கூப்பிட்டதும் திரும்பி வந்தான். எனக்குச் சொல்லத் தெரியலை. கோயில்ல கூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

— எனக்கும் அப்படித்தான்க்கா இருந்தது.

— இவனை வண்டியில ஏத்தி, அந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல... வேண்டாம். வழியில மறந்துட்டா யாரு சுண்டறது? வேண்டாம்டீ. சோபாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தட்டுல என் போன் இருக்கும், எடு. வண்டியைத் திரும்பிப் போகச் சொல்லு.

— நிஜமாவா சொல்றே? இவ்வளவு பேர் கால்ல விழுந்து வாங்கின இடம்...

— அதைப் பத்திப் பேசாதே. போனை எடு. நான் ராத்திரி வராந்தாவுல படுத்துக்கறேன், நீயும் மாப்பிள்ளையும் வீட்டுக்குப் போய் ஒரு தடவை குளிச்சிட்டாவது வாங்க.

— அக்கா, வண்டிக்காரர் ஏற்கனவே நாலு தடவை கூப்பிட்டிருக்கார். கேட்டுக்கு வந்துட்டார் போல.

— பெரியம்மா! உங்க வண்டி வந்தாச்சாம், வாட்ச்மேன் சொல்லி அனுப்பியிருக்கார். ஆனா ஒரு கூத்து. வண்டி காலியா வரலையாம்.

— காலியா வரலைன்னா?

— கண்ணாடிப் பெட்டியில ஒரு குழந்தையோட வந்திருக்காம். போற வண்டி சும்மா போவானேன்னு ஏத்தி விட்டிருக்காங்க. இதை இங்க இறக்கிட்டு உங்களுதை ஏத்திட்டுப் போகலாம்னு. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன். ரவுடி அம்மா, பாலை மூடி வெச்சுட்டு வந்து உன் பிள்ளையை வாங்கிக்க.

— குடுக்கா. மெதுவா. தலையைப் பிடி. ம், வந்துட்டான்... அக்கா? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டே?

— ஒண்ணுமில்லை.

— அங்கதான் குழந்தைக்கு ஒரு நர்ஸ், எல்லாம் இருக்குன்னியே. அங்கேருந்து எதுக்கு இங்க அனுப்பறாங்க?

— அந்தத் தட்டுல என் வாட்ச் இருக்கா பாருடீ.

— அக்கா, உன்னைத்தான் கேக்கறேன்.

— வழி விடுங்க, வழி விடுங்க. மகாராணி ஏசி வண்டியில வந்திருக்கா. பொண்ணு. ரவுடியை விட சின்னது. அம்மா அங்க காய்ச்சல்ல கிடக்காங்களாம். அப்பா கூட வந்திருக்கார், பாவம், சட்டைப் பட்டனைக் கூட மாத்திப் போட்டிருக்கார். கேட்ல நின்னு எல்லார்கிட்டயும் கைகூப்பறார்.

— அங்க ஏன் வெச்சுக்கலையாம் சிஸ்டர்?

— பாலிசி அளவு தீந்துடுச்சாம். இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக் குடுங்கன்னு டாக்டருங்க கேட்டாங்களாம், வழக்கமா குடுக்கறதுதானாம். இன்னிக்குக் காலையில முடியாதுன்னு வந்துடுச்சாம். உடனே பெட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

— இன்னிக்குக் காலையிலயா?... அக்கா, நம்ம ரவுடிக்குக் கிடைச்ச பெட்...

— பேச்சை அப்புறம் வெச்சுக்கோங்க. பெட்டி எல்லாம் நிறைஞ்சிருக்கு. ஒண்ணைத் துடைச்சுச் சூடேத்தற வரைக்கும் எனக்கு ஒரு நெஞ்சு வேணும். பெரியம்மா, அங்கி போட்டபடியே இருக்கீங்க, உடம்பும் சூடா இருக்கு. உக்காருங்க.

— வேற யாராவது இருந்தா பாருங்க சிஸ்டர். நான் வேண்டாம். அவங்க அப்பாவைக் கூப்பிடுங்க.

— அவர் இன்னும் கை கூடக் கழுவலை, பெரியம்மா. கொஞ்ச நேரம் உக்காரட்டும்.

— நான் இந்தக் குழந்தைக்கு யாரும் இல்லை.

— அதனால என்ன? அது குடிக்கப் போற பாலும்தான் யாரோடதோ. உக்காருங்கன்னா உக்காருங்க. தலையை நிமித்துங்க. இந்தாங்க. அம்மாடி, எப்படி ஜில்லுன்னு இருக்கு பாருங்க இந்தப் பாதம்! வாயைக் கூட தொறக்கத் தெம்பில்லை. பிடிச்சீங்களா? துணியைக் கட்டறேன். எனக்கு வயிறு எரியுது பெரியம்மா. எங்கயோ ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு எவளோ ஒருத்தி முடியாதுன்னு தட்டியிருக்கா. இதை ஒரு நிமிஷம் நெஞ்சுல வெச்சுப் பாத்திருந்தா அப்படிச் சொல்ல வாய் வந்திருக்குமா அவளுக்கு?

— வந்திருக்காது சிஸ்டர். அவ இப்பத்தான் வெச்சிருக்கா.